சாம்பிள் பாலும் அவர் கண்ணும்

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் என் கணவர் என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசியது எத்தனை முறை என்று கேட்டால், எண்ண ஒரு கை விரலே அதிகம். கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் மணிமங்கலம் பக்கம், மாமனார் மாமியார் இருக்கிற வீட்டில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனைக் கேலி செய்தே ஒழித்துவிடுவார்கள். அவர் சுவரைப் பார்த்துத்தான் "தண்ணி குடு" என்பார். சொம்பை அந்தச் சுவரிடமே கொடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றும். பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர் கண் இமைக்காமல் பார்த்தது ஒன்றைத்தான். ஊர்ப் பால் சொசைட்டியில் அவர் டெஸ்டர். ஒவ்வொருவர் ஊற்றும் பாலிலும் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. பாலைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆசிட் ஊற்றி, ஒரு பொறியில் வைத்துச் சுற்றினால், கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் கழுத்தில் மஞ்சளாக வந்து நிற்கும். கழுத்தில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும்; பசும்பால் நாலில் நிற்கும், எருமைப் பால் ஏழைத் தொடும். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பால் ஊற்றுகிற சாக்கில் நான் எதிரே நிற்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் குழாய்மேல் எனக்குப் பொறாமை.

சோதித்தது போக மிஞ்சுகிற சாம்பிள் பால் டெஸ்டர் வீட்டுக்கு என்பது எங்கள் சொசைட்டி வழக்கம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாதிக்குமேல் எருமைப் பால். ஆடை விரல் கனம் படியும். தயிராக்கி, கடைந்து, நெய்யுருக்குவேன். எங்கள் வீட்டு நெய் வாசனை தெருமுனைவரை போகும் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

எழுபதுகளின் கடைசியில் அவர் இளைக்க ஆரம்பித்தார். குன்றத்தூர் டாக்டர் சர்க்கரை நோய் என்றார். மாத்திரை கொடுத்தார், இனிப்பு கூடாது, சோற்றைக் குறை என்றார். வேறு என்னென்னவோ சொல்லியிருக்கலாம். என் காதில் விழுந்தது அந்த இரண்டுதான். வீட்டில் சர்க்கரை டப்பாவையே கவிழ்த்து வைத்தேன். சோறு குறைந்ததே, உடம்பு தேறவேண்டுமே என்று ஆடையோடு பால் கொடுத்தேன். இட்லிமேல் நெய்யை ஊற்றினேன். சாயங்காலம் வடை. பால், நெய், எண்ணெய் எதிலும் இனிப்பு இல்லையே! மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்போம். சர்க்கரை குறைந்து பச்சை நிறம் வந்தால், அந்தச் சந்தோஷத்தில் அன்று இன்னொரு கரண்டி நெய்.

பிறகு ஒருநாள் சொசைட்டியிலிருந்து கோபமாக வந்தார்.

"இந்த தபா வந்த குழா எல்லாம் கோணல்மே. கோடு வளைஞ்சி வளைஞ்சி போவுது. பெட்டியோட திருப்பி அனுப்பிச்சிட்டேன்."

"கண்ணாடியில போட்ட கோடு எப்டிங்க வளையும்?"

"எனக்கே சொல்றியா?"

அடுத்து வந்த பெட்டியையும் திருப்பி அனுப்பினார். ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஜன்னல் கம்பிய யாரு வளைச்சது?" என்று கேட்டார். கம்பிகள் நேராக நின்றன.

தாம்பரம் போய் ரயிலேறிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுக்குப் பின்னாடி ஒரு திரை இருக்கும்மா. இவருக்குச் சர்க்கரையால அங்க இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் கசியுது. ரத்தத்துல கொழுப்பும் ஜாஸ்தி. அது கசிஞ்சு நடுப் பார்வை இருக்கிற இடத்துல மஞ்சளா படிஞ்சிருக்கு. அதான் நேர்க்கோடு வளையுது."

முந்தின நாள் எடுத்து வைத்த ரத்தக் குழாயையும் காட்டினார். அடியில் சிவப்பு. மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது.

என் கணவர் கை நீட்டி அதை வாங்கினார். பழக்கம். கண்ணுக்கு நேரே தூக்கினார். தெரியவில்லை போலிருக்கிறது, முகத்தைக் கோழி மாதிரி சாய்த்துப் பார்த்தார்.

"ஏழு இருக்கும் சார். நல்ல எருமை."

டாக்டர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். "வீட்ல என்னம்மா குடுக்கிறீங்க?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை ஒரு சிட்டிகைகூட குடுக்கறதில்ல சார்" என்றேன் பெருமையாக. "பாலாடை, நெய்யி, வட..." ரத்தக் குழாயில் கட்டியிருந்த அந்த ஆடை என் அடுப்பில் காய்ந்தது. அங்கேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாதமே. நீயா கொழுப்ப கண்ணுல ஊத்துன?" என்றார் அவர். அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

கண்ணுக்குள் ஒளிக்கதிர் பாய்ச்சி வைத்தியம் செய்தார்கள். மருந்து மாறியது. சாம்பிள் பால் எங்கள் வீட்டு வாசற்படி ஏறுவதை நான் நிறுத்தினேன். ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டியைத் தொடவில்லை. அடுத்த தடவை பார்த்தபோது கொழுப்பு நிறையக் கரைந்துவிட்டது என்றார் டாக்டர். நான் கும்பிடப் போனேன். "ஆனா அது உட்கார்ந்த இடம் கெட்டுப்போச்சும்மா. ஓரப் பார்வை நிக்கும், நடு திரும்பாது" என்றார். சொசைட்டி வேலை அத்தோடு போயிற்று.

அதற்கப்புறம் ஒரு காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் எடது பக்கமா தள்ளி நில்லுமே" என்றார்.

"எதுக்கு?"

"நேரா நின்னா உன் மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல. தள்ளி நின்னா தெரியற."

தள்ளி நின்றேன். எங்கோ பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குழாயைப் பார்ப்பாரே, அதே மூச்சுப் பிடிப்பு. நான் உருகிப்போனேன்.

"மூக்குல இன்னாவோ மின்னுதே. புச்சா?"

"கல்யாணத்தன்னிக்கே போட்டுகினு வந்ததுங்க."

அன்றிலிருந்து தினமும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்தார். நரை வந்ததை, நான் இளைத்ததை, புடவை நிறத்தை, எல்லாவற்றையும் ஓரக் கண்ணால் கண்டுபிடித்துச் சொன்னார். கண் நன்றாக இருந்த காலத்தில் எனக்குக் கிடைக்காததெல்லாம் அந்த நாலு வருடத்தில் கிடைத்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. நேரே நின்று, அவர் கண் என் கண்ணில் விழ, ஒரே ஒரு தடவை. வேறென்ன கேட்டேன்?

நாலாம் வருடம் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

அவர் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சொசைட்டி அட்டைக்காக முன்பு எடுத்தது. போட்டோக்காரர் சொன்னதற்காக அதில் நேராகப் பார்க்கிறார். தினமும் பூ வைக்கும்போது நேரே போய் நிற்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கால் வருவதில்லை. இடது பக்கம் ஒரு அடி தள்ளியே நிற்கிறேன், அவருக்குத் தெரியவேண்டுமே.