கொழும்புக்கு முன்னே போன பை

வெளிநாட்டுக்கு ரயிலில் போனவள் நான். சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் தில்லியில் வண்டி ஏறி, சென்னையில் மாறி, ராமேஸ்வரத்தில் கப்பல் பிடித்து, அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தனியாகவே போய்ச் சேர்ந்தேன்.

என் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டியவள்தான். அசையக் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். மாமியார் இல்லாத வீடு. “நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இருக்காதும்மா” என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

தில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அப்போது இருந்தோம். என் வீட்டுக்காரர் குமாஸ்தா; லீவு கிடைக்கவில்லை. கடிதம் வந்த அன்றே மெட்ராஸ் டிக்கெட் எடுக்கச் சட்டையை மாட்டினார்.

“இருங்க. கப்பல் என்னைக்குன்னு தெரியுமா?”

“அதை அங்க போய்க் கேட்டுக்கிடலாம்ட்டி.”

“அங்க போய்க் கேட்டு, நாலு நாள் கடற்கரையில உக்காரவா? கப்பல் கிழமையை முதல்ல கேளுங்க. அதுலேருந்து பின்னால எண்ணிக்கிட்டு வந்து டிக்கெட் எடுங்க.”

“பெரிய ஸ்டேஷன் மாஸ்டர்!” என்றார். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். வாரத்தில் மூன்றே நாள்தான் கப்பல். திங்கட்கிழமைக் கப்பலைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரத்தில் இருக்க வேண்டும். அதற்குச் சனிக்கிழமை சென்னையில் வண்டி மாற வேண்டும். அந்த வண்டிக்கு இங்கிருந்து தந்தி அடித்து இடம் பிடித்தோம். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட், விசா, காலரா ஊசி போட்டதற்கு மஞ்சள் புத்தகம் ஒன்று. அந்தப் புத்தகம் இல்லையென்றால் கப்பல் ஏற விடமாட்டார்கள். டிக்கெட்டோடு எல்லாவற்றையும் நீலத் துணிப்பை ஒன்றில் போட்டு, அதை நானே வைத்துக்கொண்டேன்.

எல்லாம் கூடி வந்தபோது தில்லியில் ஏற வேண்டிய நாள் வியாழக்கிழமை என்று ஆனது. புதனில் இடமில்லை. வெள்ளி என்றால் கப்பல் போய்விடும்.

வியாழக்கிழமை தெற்கே சூலம். பிள்ளை பெறப்போகிற பெண்ணிடம் சூலத்தில் கிளம்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற சாமான் ஒன்றை வெளியே இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்போம். வைத்த சாமான் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

எதை வைப்பது என்று யோசித்து, பயணத்துக்கு உயிரே அதுதான் என்று அந்த நீலப்பையையே புதன்கிழமை காலையில் எடுத்துப்போய் எதிர் வீட்டில் கொடுத்தேன். அங்கே ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னேன்.

“இந்தப் பை என் வீட்டுக்குள் திரும்ப வரவே கூடாது, பெஹன்ஜி.”

“அச்சா, அச்சா. என் பொறுப்பு” என்று நெஞ்சில் கையை வைத்தார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பையை வாங்கப் போனால், எதிர் வீட்டுக் கதவில் பூட்டு.

என் வீட்டுக்காரர் பூட்டை இழுத்துப் பார்த்தார். “டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு எல்லாத்தையுமாட்டி அதுல வச்ச? ஒரு சீலையை வச்சாப் போதாதா?”

“சீலையா கப்பல் ஏறுது?” என்று கேட்டேன். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது புதன்கிழமை. அதற்கும் தில்லியிலிருந்து இடம் கிடைத்தால்தானே. மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பது போலவே இருந்தது.

அவர் பூட்டை உடைக்கக் கல் தேடினார். படிக்குக் கீழே துணி தேய்க்கிறவர் தலையை நிமிர்த்தி, “அந்த அம்மா வீட்டுக்காரரோட ஸ்கூட்டர்ல போனாங்களே. மடியில நீலப்பை இருந்தது. ஸ்டேஷனுக்குன்னு சொன்னாங்க” என்றார்.

மற்ற சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் நான் முருகனிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

புதுதில்லி ஸ்டேஷனில் எங்கள் வண்டி நிற்கிற பிளாட்பாரம். பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ப்பட்டியலுக்குக் கீழே, டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே, அந்த அம்மாள் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கோபித்துக்கொண்டார்.

“இவ்வளவு நேரமா? உங்கள் பையை வைத்துக்கொண்டு நான் டீகூடக் குடிக்கப் போகவில்லை!”

“நீங்கள் ஏன் கொண்டு வந்தீர்கள், பெஹன்ஜி?”

“நீங்கள் என் வீட்டுக்கு வந்து வாங்கினால், மறந்துபோய் அதோடு உங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட மாட்டீர்களா? பெண்ணின் பிரசவ விஷயம். நான் எப்படி விடுவேன்? அதனால் நேரே இங்கேயே கொண்டு வந்துவிட்டேன்.”

நான் சொன்ன விதியை என்னைவிடச் சரியாகக் கடைப்பிடித்தவர் அவர். கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, அந்த அம்மாளுக்கு டீ வாங்க ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

சென்னையில், தந்தி அடித்துப் பிடித்த இடம் எனக்காகக் காத்திருந்தது. ராமேஸ்வரத்தில் மஞ்சள் புத்தகம் இல்லாத இரண்டு பேரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்து “நீங்க போங்கம்மா” என்றார்கள். கடலைத் தாண்டி, சிங்களத்தில் பேசுகிற ஒரு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை காலையில் கொழும்பில் இறங்கினேன்.

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “இன்னும் ஆகலையே?” என்று கேட்டேன்.

“இல்ல, அத்தை. நீங்க வரட்டும்னு பிடிவாதமா இருக்கா.”

வீட்டில் என் மகள் பக்கத்துத் தலையணையைத் தட்டிக் காட்டினாள். குளிக்கவில்லை, புடவைகூட மாற்றவில்லை. அப்படியே அவள் அருகில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.