ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருடைய சாஃப்ட்வேர் ஆபீஸ், பெங்களூரின் நடுவிலிருந்து ஊருக்கு வெளியே எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறியது. நாங்கள் அப்போது ஊரின் மறுகோடியில், லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். பக்கத்திலேயே ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். அவர் விடிவதற்குள் கிளம்பிவிடுவார், திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். கம்பெனி பஸ்ஸில் தலை தொங்கத் தூங்கியே அவருக்குக் கழுத்துவலி வந்துவிட்டது.

"ஆபீஸ் பக்கத்துலயே வீடு பாத்துரலாம். நீ அங்க ஏதாவது ஸ்கூல்ல சேந்துக்கோ," என்றார்.

வேலையை விட்டேன். "யோசிச்சுத்தான பண்றீங்க?" என்று மட்டும் கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

புது அபார்ட்மென்டில் பாதி வீடுகள் பூட்டியே கிடந்தன. சுற்றிலும் பொட்டல். பக்கத்தில் வருவதாகச் சொன்ன பள்ளிக்கூடம் வெறும் தூண்களாக நின்றது. ஆனாலும் வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு வந்தார். மொட்டை மாடியில் மகளுக்கு சைக்கிள் பழக்கினார். எடுத்தது நல்ல முடிவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஆபீஸ் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. "கொஞ்ச மாசம்தான்," என்றார். அது நீண்டுகொண்டே போனது. கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவோம்; பாதி வார்த்தை வரும், பாதி வராது.

ஒரு மத்தியானம் மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுத்தது. அந்தப் பக்கம் ஆட்டோவே கிடையாது. வாட்ச்மேன் ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஜல்லி லாரியை நிறுத்தினார். டிரைவர் பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கதவைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

"நாங்க லிங்கராஜபுரத்துக்கே போயிடறோம்," என்றேன் அவரிடம்.

"இப்பத்தான செட்டில் ஆனோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"உங்க ஆபீசுக்காகப் பாத்த வீடு இது. நீங்களே இங்க இல்ல. நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

"சரி, போங்க," என்றார்.

எங்கள் பழைய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. பள்ளியில் என் இடத்துக்கு ஆள் வந்திருந்ததால் மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தபோது ஆபீஸ் அதே எலக்ட்ரானிக் சிட்டியில்தான் இருந்தது. நடுவில் பாலம் கட்டும் வேலை, டிராஃபிக் முன்பைவிட மோசம். மறுபடி வேலையை விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை, தினம் வந்து போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களோடு நாங்கள் விட்டுவந்த அந்த அபார்ட்மென்டிலேயே தங்கிக்கொண்டார். சனிக்கிழமை அழுக்குத் துணிப் பையோடு வருவார், திங்கட்கிழமை காலையில் போவார்.

"ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையாம்மா?" என்று கீழ்வீட்டு அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இல்லை என்றேன். அந்த அம்மா நம்பினாரா, தெரியவில்லை. ஒரே ஊரில் இரண்டு வீடு என்று ஐந்தாறு வருஷம் அப்படியே ஓடியது.