மூணாவது வரிசை

ஜெயசித்ரா தன் கையைவிடப் பெரியம்மாளின் விரல்களைத்தான் நம்பினாள்.

பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கும் கட்டடத்தில் பெரியம்மாளுக்கு ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. தினமும் வேப்பந்தட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீவனம் வைப்பாள். ஜெயசித்ரா மார்புப் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண். எலிகளுக்குக் கட்டி வருவதற்கான மருந்தை எண்ணெயில் கலந்து கொடுத்துவிட்டு, வாராவாரம் அதுகளின் வயிற்றோரத்தைத் தடவிப் பார்ப்பாள். அவளுக்குத் தட்டுப்படாதது பெரியம்மாளுக்குத் தட்டுப்படும்.

"இந்தா, கடுகு கணக்கா ஒண்ணு உருளுது பாருங்க பாப்பா."

கட்டி வந்த எலிகள் மூன்று வரிசைக் கூண்டுகளில் இருந்தன. முதல் வரிசைக்கு வைத்தியமே கிடையாது. இரண்டாவதற்கு ஊசி வழியாக ஒரு சிவப்பு மருந்து. மூன்றாவதற்கும் அதே மருந்துதான், ஆனால் வேறு விதமாக.

"முடியில ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கும்க்கா, கொழுப்பு உறை. மருந்து அதுக்குள்ள இருக்கும். ஒடம்பு பூரா பரவாம, பெரும்பாலும் கட்டிகிட்ட போய்த்தான் அவுரும். சும்மா குடுத்தா கெட்டுப்போற இதயம் இதுல தப்பிச்சுக்கும்" என்றாள் ஜெயசித்ரா.

பெரியம்மாளுக்கு அது பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது வரிசை ரோமம் சிலிர்த்து, தீவனத்தைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடக்கும். மூன்றாவது வரிசை கம்பியைப் பிடித்து ஏறும்.

ஆடி மாசத்தில் ஒருநாள் குளிக்கும்போது அவள் விரலில் அது தட்டுப்பட்டது, இடது மார்பில், கக்கத்துக்குப் பக்கத்தில். எலி உடம்பில் நூறு தடவை தொட்டுச் சொன்னது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் மூன்று மாசம் வாயைத் திறக்கவில்லை. லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்கிற பயம். கணவன் அமாவாசையிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஜெயசித்ராவிடம்தான் சொன்னாள்.

"அந்த மூணாவது வரிசை மருந்த எனக்குப் போடுங்களேன் பாப்பா."

ஜெயசித்ரா அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். "அது எலிக்கு மட்டுந்தான்க்கா அனுமதி. நாளைக்கே திருச்சிக்குப் போங்க."

திருச்சி பெரியாஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றும் நாள் வந்தது. நர்ஸ் கொண்டுவந்த ஊசிக்குள் அதே சிவப்பு.

"டாக்டர், இதையே கொழுப்பு உறைக்குள்ள வச்சுத் தர மாட்டீங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா சொன்னது?"

"எங்க எலிக்குப் போடுறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கும்மா. கட்டிய அழிக்கிறதுல ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதான். இதயத்துக்குத்தான் அது இதம். ஆனா உங்க நிலைமைக்கு வழக்கமா குடுக்கிறது இதுதான். அது இங்க வர்றதும் இல்ல."

கையை நீட்டினாள். முடி கொட்டும், வாந்தி வரும், சிறுநீர் சிவப்பாய்ப் போகும் என்று மற்ற பெண்கள் பயந்தார்கள். பெரியம்மாளுக்கு இரண்டாவது வரிசைதான் ஞாபகம் வந்தது.

கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது, பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டோடு கல்லூரிக்குப் போனாள். மூன்று வரிசையும் காலியாகக் கிடந்தது.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றாள் ஜெயசித்ரா. "மயக்கம் குடுத்து, எல்லாத்தையும் அறுத்துப் பாத்தாச்சு."

"மூணாவது வரிசையையுமா? அது நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுன்னு காட்டணும்ல. இதயத்தை எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

"ரெண்டாவது வரிசைக்கு இதயம் எப்புடி இருந்துச்சு?"

ஜெயசித்ரா பெரியம்மாள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தீவன மூட்டை தூக்க முடியாதவளுக்கு அங்கே வேலை இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பாரம் இல்லாத வேலை ஏதாவது தரச் சொல்லி ஜெயசித்ரா கேட்டுப்பார்த்தாள். நடக்கவில்லை.

இப்போது மக்காச்சோளக் காட்டுக்கு அமாவாசை தனியாகத்தான் போகிறார். பெரியம்மாள் சோறு வடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுகிறாள்.

போன மாசம் ஜெயசித்ரா போன் செய்தாள். டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதாம். ஆராய்ச்சி வெளிநாட்டுப் பத்திரிகையிலும் வந்துவிட்டதாம்.

"எல்லாம் உங்க கையாலதான்க்கா."

"அதுல எம் பேரு போட்டிருக்கா?"

"அதுல அப்படிப் போடுற வழக்கம் இல்லக்கா."

"சரி பாப்பா. நல்லா இருங்க" என்றாள் பெரியம்மாள். போனை அமாவாசையிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.