முப்பதைத் தாண்டாத டர்போ

பிச்சை முகம்மதுவை முட்டாள் என்று சொன்னவர்கள் ஊரில் பலர் உண்டு. ஆனால் அதை ஆதாரத்தோடு, நாள் கணக்கு கிலோமீட்டர் கணக்கு சகிதம் நிரூபித்தவர் அவர் ஒருவர்தான். ராஜபாளையம் டாக்சி ஸ்டாண்டில் டீ கிளாஸ் கைக்கு வந்ததும் அந்தக் கதையை அவராகவே எடுத்துவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை.

தொண்ணூற்று ஐந்தில் அவருடைய அம்பாசடரின் பழைய டீசல் இன்ஜின் உயிரை விட்டது. பதினாறு வருடம் பிறத்தியார் லாரியில் ஸ்டியரிங் பிடித்து, அப்புறம் வாங்கிய சொந்த வண்டி. ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிய ஒரு டர்போ டீசல் இன்ஜினைத் தேடிப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் வில்சனிடம் கொண்டுபோய்ப் போட்டார். வில்சன் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங் மாட்டி, டர்போவையும் திறந்து சுத்தம் செய்து, ஒரு மாதத்தில் வண்டியில் உட்கார வைத்தார். சாவியைக் கொடுக்கும்போது இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்.

“பாய், மொத ஆயிரம் கிலோமீட்டருக்கு அம்பது, அறுபதுக்கு மேல வேண்டாம். ஆஃப் பண்ணுறதுக்கு முன்னால ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடுங்க, டர்போ ஆறட்டும்.”

ஆள் ஏற்றி ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு டாக்சிக்காரரிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எந்த மெக்கானிக்குக்குத் தோன்றும்?

ஐம்பது நல்லதென்றால் முப்பது இன்னும் நல்லதுதானே என்று பிச்சை முகம்மது முடிவு செய்தார். இரண்டு நிமிடம் ஆறினால் நல்லதென்றால் இருபது நிமிடம் ஆறட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து வழி கேட்டு முந்திப் போனார். அவருக்கு இவர் கை காட்டி வழியும் விட்டார். வீட்டு வாசலில் இன்ஜின் தினமும் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். இவர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றியில்கூட அவர் அத்தனை நேரம் கை வைத்ததில்லை என்று மனைவி மெகராஜ் பேகம் சொன்னார். அது உண்மை.

சவாரி விஷயத்தில் கெடுபிடி அதிகம். ஒற்றை ஆள் என்றால் வருவார், அதுவும் ஒல்லியாக இருந்தால். செட்டியார்பட்டிக்குப் போகக் குடும்பத்தோடு வந்து நின்ற சுந்தரபாண்டியனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க பஸ்ல போயிருங்க” என்று சொன்னார். சுந்தரபாண்டியன் நல்ல பாரியான உடம்புக்காரர். அவர் அப்புறம் ஆறு மாதம் பேசவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. மெகராஜ் பேகம் குற்றாலத்துக்குப் போகலாமா என்று மூன்று தடவை கேட்டார்.

“ரிங்கு உக்காரணும் மெகராசு. இப்பப் போயி லோடு ஏத்தச் சொல்லுதியே.”

மூன்றாம் தடவைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

எண்ணூறு கிலோமீட்டரில் புகை வந்தது. நீலப் புகை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த இன்ஜினும் போனால் திரும்ப லாரிதான். வண்டியை வில்சனிடம் கொண்டுபோனார், அப்போதும் முப்பதிலேயே. வில்சன் எல்லாவற்றையும் விசாரித்துக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“எங்க பாய் ரிங்கு உக்காரும்? பாரம் இழுத்தாத்தான அது சிலிண்டர்ல போயி நல்லா அழுந்தும். சும்மாவே ஓட விட்டு உள்ள வழவழன்னு ஆயிப்போச்சு. எட்டுப் பேர ஏத்திக்கிட்டு ஆரியங்காவு மலையில மூணு தடவ மிதிச்சு ஏத்துங்க. கேட்டுச்சுன்னா ஆச்சு. இல்லேன்னா திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.”

எட்டுப் பேருக்கு எங்கே போவது? ஸ்டாண்டில் கேட்டால் மானம் போய்விடும். சுந்தரபாண்டியனைக் கேட்க முகம் இல்லை. கடைசியில் வீட்டுக்கு வந்து, “மெகராசு, குத்தாலம் போவமா?” என்றார். ஏன் என்பதை மட்டும் முழுங்கிவிட்டார்.

மறுநாள் விடியும் முன்பே மெகராஜ் பேகம், அவர் அம்மா ஆயிஷா பீவி, கொழுந்தியாள் மாஜிதா, அவள் வீட்டுக்காரர், நான்கு பிள்ளைகள், ஒரு பெரிய தூக்கு நெய்ச்சோறு எல்லாம் வண்டியில் ஏறியாயிற்று. தென்காசி வரைக்கும் பாட்டும் கூத்துமாகப் போனது. குற்றாலத்துப் பக்கம் திரும்பாமல் வண்டி நேரே செங்கோட்டை பார்த்துப் போனபோது, “மொதல்ல மலையப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார் பிச்சை முகம்மது.

புளியரை தாண்டி ஏற்றம். அவர் கால் பெடலை மிதிக்க மறுத்தது. பிஸ்மி சொல்லி அழுத்தினார். டர்போ விசில் அடித்துக்கொண்டு எழுந்தது. அப்படி ஒரு சத்தம் அந்த இன்ஜினுக்குள் இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த லாரி நீலப் புகையில் மறைந்துபோயிருந்தது. மேலே போய்த் திருப்பி இறங்கினார். மறுபடி ஏறினார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாம் தடவை ஏறும்போது பின்னால் வந்த வேறொரு லாரி முழுசாகத் தெரிந்தது, லாரிக்காரரின் மீசைகூடத் தெரிந்தது.

உச்சியில் ஓரங்கட்டி, இரண்டே நிமிடம் ஆறவிட்டு அணைத்தார். செத்த நேரம் பொறுத்து ஆயில் குச்சியை இழுத்தார். காலையில் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே கோடு. பிச்சை முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரத்தடியில் மெகராஜ் பேகம் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார்.

“சரியாயிருச்சா?”

“ஆயிருச்சு.”

“ஒரு மலைய மூணு தடவ ஏறுனா எனக்குத் தெரியாதா? நல்லது. இனிமே எங்கள ஏத்த வேண்டிய அவசியம் இருக்காது.”

குறையாகச் சொல்லவில்லை. வெயில் வந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதனால்தான் பிச்சை முகம்மதுவுக்கு அத்தனை வெட்கமாகிவிட்டது. இரண்டு மாதம் இன்ஜினின் மூச்சைக்கூட எண்ணியவர், பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“இல்ல மெகராசு. மாசத்துக்கு ஒருக்க இந்த மாதிரி எல்லாரையும் ஏத்திக்கிட்டு மலையேறணும்னு வில்சன் சொல்லியிருக்காரு. இல்லேன்னா திரும்பப் புகையுமாம்.”

வில்சன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெகராஜ் பேகம் அவர் முகத்தையே பார்த்தார்.

“வாரத்துக்கு ஒருக்கன்னு சொல்லலியாக்கும்?” என்று கேட்டுவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.