சுண்ணாம்புக் கோட்டில் போன மூன்றடி

ஒரு மனிதன் தன்னைத் தானே சிறை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு நல்ல கையெழுத்தும் கொஞ்சம் உரைநடை மோகமும் போதும். எனக்கு இரண்டும் இருந்தன.

இராஜபாளையத்தில் நான் பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தாவாக இருந்த பஞ்சாயத்து போர்டு ஆபீஸ், வாடகைக்கு எடுத்த பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில் நடந்தது. பஞ்சுக்கு வெளிச்சம் வேண்டாம், காற்று அறவே கூடாது. எங்களுக்கும் அதே போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். கூரையிலிருந்து பழைய பஞ்சு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் தும்மினால் ஆபீஸ் முழுவதும் வரிசையாகத் தும்மி முடிக்கும் வரை வேலை நிற்கும்.

என் மேசை கடைசி மூலையில், பதிவேட்டு அலமாரிகளுக்குப் பின்னால். நான் வெளியே போக வேண்டுமானால் ஓவர்சியர் எழுந்து நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டும். அவர் நகர இடம் விட்டு ஹெட் குமாஸ்தா எழுந்து நிற்க வேண்டும். ஹெட் குமாஸ்தா கனத்த சரீரம். எழுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வெளியே போகாதபடி என் உடம்பைப் பழக்கியிருந்தேன்.

அப்போது மில்கள் வந்த காலம். சோழபுரத்துக்காரர்களும் சுந்தரபாண்டியத்துக்காரர்களும் ஆலைச் சங்கு கேட்டு இங்கேயே குடி வந்தார்கள். வேலை கிடைத்தவுடன் கல்யாணம் செய்துகொண்டார்கள்; கல்யாணம் செய்துகொண்டவுடன் என்னிடம் வந்தார்கள். பதிவேடுகள் பெருகின. பதிவேட்டுக்கு அலமாரி வந்தது. ஒவ்வொரு அலமாரியும் என் பக்கமாகத்தான் நகர்ந்தது, ஏனென்றால் மற்ற பக்கங்களில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள்.

என் மனைவி ஏழு மைல் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள். அங்கே பெண்கள் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். தங்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். ஏழு மைல் என்பது சைக்கிளில் ஒரு மணி நேரம். ஆனால் பதிவு குமாஸ்தா ஆபீஸ் இருக்கும் ஊரிலேயே ராத் தங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சாவு ஆபீஸ் நேரம் பார்த்து வராது என்பது அதற்குக் காரணம். சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் விலக்கு. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் போய், ஞாயிறு மிஷன் கோயில் ஆராதனை முடித்து, சாயங்காலம் திரும்பும் கணவனாக நான் இருந்தேன். வாரத்தில் ஒன்றரை நாள் குடும்பஸ்தன்.

இதிலிருந்து விடுபட ஒரு வழி பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்குள், பழைய ஆபீசின் விடுவிப்பு உத்தரவோடு வந்து சேர வேண்டும். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஒரு வாரம் மிகவும் நல்லவனாக நடந்துகொண்டேன். அந்த வாரத்தில்தான் பிரசிடெண்ட் கூப்பிட்டு அனுப்பினார்.

பிரசிடெண்ட் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் முதல் வார்த்தை மட்டும் தெலுங்கில் வரும்.

"ஏமய்யா, ஜில்லாவுல இருந்து தாள் வந்திருக்கு. புதுக் கட்டடம் வேணும்னா கணக்கு எழுதணுமாம். இப்ப எத்தன பேரு, இருவது வருசம் கழிச்சு எத்தன பேரு, ஆளுக்கு எம்புட்டு எடம்னு. இருவது வருசம் கழிச்சு நானே இருப்பனோ என்னமோ. நீருதான் புஸ்தகம் படிக்கிற ஆளு. எழுதும்."

ஜனத்தொகை எப்படிப் பெருகும் என்று எனக்குத் தெரியாது. என் அலமாரி எப்படிப் பெருகியது என்பது தெரியும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அது என்னை நோக்கி நாலடி வந்திருந்தது. அந்த வேகத்தை இருபது வருஷத்துக்கு நீட்டிப் பார்த்ததில், நான் சுவருக்குள் புதைந்து தெருவில் முளைத்தேன். இதையே கண்ணியமான நடையில் எழுதினேன். பிறப்பு இறப்புப் பிரிவுக்கு மூன்று குமாஸ்தாக்கள் தேவை, பன்னிரண்டடி அகல அறை தேவை என்று எழுதி, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாக்கியம் ஓசையாக முடியவில்லை என்று பட்டது. 'அனுபவமுள்ள ஒருவர் ஒரு நாள் இல்லாவிட்டாலும் இவ்வூரில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்பதே தெரியாமற்போகும்' என்று சேர்த்தேன். ஹெட் குமாஸ்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. பஞ்சாகவும் இருக்கலாம்.

காகிதத்தில் அளவு போட்டால் யாருக்கும் விளங்கவில்லை. ஓவர்சியர் ஒரு யோசனை சொன்னார். கிட்டங்கிக்குப் பின்னால் பஞ்சு காயப்போடும் களம் காலியாகக் கிடந்தது. அதில் சுண்ணாம்புத் தூளால், நிஜ அளவிலேயே, புது ஆபீசைக் கோடு போட்டுவிடுவோம். அவரவர் மேசையைப் போட்டு உட்கார்ந்து பார்த்து, போதுமா போதாதா என்று சொல்லட்டும். வேறெந்த ஊரிலும் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்று நாள் அந்தக் களத்தில் ஆபீஸ் நடந்தது. வேப்பமர நிழலும் மலைக்காற்றும் இருந்தன. தும்மல் நின்றது. அதிசயம் என்னவென்றால், கோட்டை ஒருவரும் மிதிக்கவில்லை. வாசல் என்று ஓவர்சியர் விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் போனோம், வந்தோம். பிரசிடெண்ட் பார்வையிட வந்தவர் நேராக நடந்து உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, அது சுவரு!" என்று ஹெட் குமாஸ்தா அலறினார்.

பிரசிடெண்ட் திடுக்கிட்டுப் பின்னால் போய், வாசலைத் தேடிப் பிடித்து, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நுழைந்தார்.

அன்று காலை சோழபுரத்திலிருந்து மில்லுக்கு வந்த ஒருவன் பிள்ளை பிறந்ததை எழுத வந்திருந்தான். களத்து ஓரத்திலேயே நின்றுவிட்டான்.

"என்னய்யா, அம்புட்டு பேரும் சடுகுடு வெளையாடுதீகளா?"

"ஏலே, ஆபீஸ்டா. பதிவு ரூமு நடுவுல. வாசல் வழியாப் போ" என்றார் ஹெட் குமாஸ்தா.

"வாசல் எங்கய்யா இருக்கு?"

"நீ நிக்கது வாசல்தான்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

என் அறை நடுவில். இடது பக்கம் ஹெட் குமாஸ்தா, வலது பக்கம் ஓவர்சியர். பின்சுவரின் வலது கோடியில் எனக்கு ஒரு ஜன்னல். இரண்டாம் நாள் ஹெட் குமாஸ்தா கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"வேய், என் ரூமுல அலமாரிய வச்சுட்டா வயித்த எங்க வைக்கது? ஒரு மூணடி தாருமேன்."

கோர்ட்டுக் கடிதம் சட்டைப் பையில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பழைய கோட்டை நானே காலால் அழித்தேன். இதைப் பார்த்த ஓவர்சியர், பிளான் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்று இருமினார். அவருக்கும் மூன்றடி. கோடு நகர்ந்தபோது ஜன்னலும் கோட்டோடு அவர் பக்கம் போய்விட்டது. பன்னிரண்டு ஆறாயிற்று. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் அன்று வாரி வழங்கியது எல்லாம் எனக்குப் பிறகு அங்கே வந்து உட்காரப்போகும், முகம் தெரியாத ஒருவனுடைய சொத்து. அவன் ஒல்லியாக இருப்பான் என்று ஏனோ எனக்குள் ஓர் எண்ணம்.

கணக்கும் பிளானும் ஜில்லாவுக்குப் போயின. ஒரு மாதம் விட்டு, விடுவிப்பு மனுவை எடுத்துக்கொண்டு பிரசிடெண்ட் முன்னால் நின்றேன். அவர் மேசையில் ஜில்லாவின் பதில் வந்து கிடந்தது.

"ஏமய்யா, போறேங்கீரு. நீரு ஒரு நாள் இல்லாட்டா ஊருல யாரு பொறந்தா, யாரு செத்தான்னே தெரியாமப் போயிரும்னு எழுதியிருக்கீரே?"

"அது ஒரு வேகத்துல எழுதினதுங்க."

"அந்த வேகத்தப் பாத்துத்தான்வே கட்டடமே குடுத்திருக்காக. படியும்."

படித்தேன். கட்டடம் மஞ்சூர். பதிவுப் பிரிவின் நிலை குறித்த விவரம் கவலை தருவதால், புதுக் கட்டடம் முடிந்து அதில் மேலும் இரண்டு குமாஸ்தாக்கள் அமரும் வரை, இப்போதுள்ள அனுபவமுள்ள குமாஸ்தாவை எக்காரணம் கொண்டும் விடுவிக்கலாகாது.

வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. விடுவிப்பு உத்தரவு இல்லாமல் கோர்ட்டில் சேர்க்கமாட்டார்கள். மனைவி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் தைரியம் எனக்கு இல்லை. அது பெரிய தைரியம்.

அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை பஸ் முழுக்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். கோவிந்தா கோஷத்துக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று போய்ச் சேர்ந்து, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரு வேணும்னு எழுதினீங்க சரி. நீங்க இல்லாட்டா ஊரே அழிஞ்சிரும்னு எதுக்கு எழுதினீங்க?"

"வாக்கியம் முடியணும்ல?"

"முடிஞ்சிருச்சில்ல" என்றாள். அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, "ஊரு அப்படியெல்லாம் பெருகாதுன்னு மறுபடி ஒரு தாள் எழுதிக் குடுத்துப் பாருங்க. அவிய விட்டாலும் விடுவாக" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அதையும் செய்து பார்த்தேன். 'இவ்வூரின் ஜனத்தொகை இனி அதிகம் பெருக வாய்ப்பில்லை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் அலமாரிக்கு அந்தப் பக்கம் ஆறு தகப்பன்மார் நின்றார்கள். அதில் ஒருவனுக்கு இரட்டை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர்களை எழுதினேன்.

பிறகு யுத்தம் வந்தது. சிமெண்டும் இரும்பும் யுத்தத்துக்குப் போயின. எங்கள் கட்டடம் முழங்கால் உயரத்தில் நின்றது. சுண்ணாம்புக் கோட்டை விட இரண்டடி உயரம், ஆடுகள் தாண்டின. கோர்ட்டு வேலைக்கு வேறொருவர் போய்ச் சேர்ந்து, நல்ல பெயரும் வாங்கினார். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓட ஆரம்பித்தன. ஏழு மைலுக்கு இரண்டு மணி நேரமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுதிய நான் அவளை எழுத முடியவில்லை. அது அந்த ஊர்க் குமாஸ்தாவின் உரிமை. வரிசையில் நின்றேன். அவர் அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. தகப்பன் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். நாற்காலி போட்டார்.

கடைசியில் கட்டடம் எழுந்தது. ஒவ்வொரு சுவரும் நாங்கள் களத்தில் போட்ட கோட்டின் மேல், ஓர் அங்குலம் பிசகாமல். என் அறை ஆறடி அகலம். இரண்டு பக்கமும் அலமாரி வைத்தது போக நடுவில் மூன்றடி. அதில் மேசையைப் போட்டால் அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மனுதாரர்களுக்கு அது சௌகரியம். நான் வெளியே போக வேண்டுமானால் மேசைக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஒருவன் ஊர்ப் பொதுமக்கள் காலடியில் தவழ்ந்து வருவதைப் பற்றி ஜில்லா விதிகளில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இருந்தும் எனக்கு உற்சாகம். கட்டடம் முடிந்தாயிற்று, இனி இரண்டு பேர் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. பெட்டியைக் கூடத் துடைத்து வைத்தேன். புது ஆட்களைப் போடுவதற்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அளந்து எழுத ஓவர்சியர் டேப்போடு வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

ஹெட் குமாஸ்தா தம் விசாலமான அறைக்குள்ளிருந்து விளக்கம் சொன்னார்.

"உக்கார எடமில்லாம ஆளப் போட முடியாதாம்வே. ஆளு வராம உம்ம விட முடியாதாம். பொறவு என்ன செய்ய?"

"உங்க பக்கம் போன மூணடியத் திருப்பிக் குடுத்தா ஒரு நாற்காலி போடலாமே."

"பிரியமாக் குடுத்தீரேவே! குடுத்ததக் கேப்பாகளா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வயிறும் அந்த மூன்றடிக்குள் வளர்ந்துவிட்டிருந்தது.

நான் களத்தில் கற்பனை செய்த அந்த ஒல்லிக் குமாஸ்தா வந்துவிட்டான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒல்லி என்பது மட்டும் தவறு.

மறு வருஷம் ஜில்லாவிலிருந்து மறுபடி தாள் வந்தது. ஊர் பெருகிவிட்டதாம், விஸ்தரிப்பு வேலைக்கு இடக் கணக்கு வேண்டுமாம். பிரசிடெண்ட் என்னைத்தான் கூப்பிட்டார். இந்தத் தடவை ஓசைக்காக ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். எனக்கென்று ஒரே ஒரு ஜன்னல் கேட்கப்போகிறேன், அதுவும் வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டைப் பார்த்து, என்று மனைவிக்கு எழுதினேன். கார்டில் பதில் வந்தது. 'ஜன்னல் கேட்காதீர்கள். கதவு கேளுங்கள்.'

கேட்டேன். 'பதிவு அறைக்கு இன்னொரு கதவு' என்று நாலே வார்த்தை. எந்தச் சுவரில் என்று குறிப்பிடவில்லை; குறிப்பிட்டால் வாக்கியம் நீண்டுவிடும் என்று பயம். ஜில்லாவில் உடனே மஞ்சூர் செய்தார்கள். கொத்தனார் வந்து, ஓர் அலமாரியை ஒதுக்கிவிட்டு, இரண்டே நாளில் வைத்துவிட்டுப் போனார். நல்ல தேக்கு. இழுத்தால் சத்தமே வராது.

அது ஹெட் குமாஸ்தாவின் அறைக்குள், அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் திறக்கிறது. நான் வெளியே போக வேண்டுமானால் அவர் எழுந்து நிற்க வேண்டும்.