வீட்டில் படிக்க என்ன உத்தரவு வேண்டும்?

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் என்றால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றிய விதிகள் தெரிந்தால் போதும் என்றுதான் பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்தேன். போகாத பிள்ளைகளின் தகப்பன்மார்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். வீட்டிலேயே பாடம் சொல்லலாமா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் தெரியாமல் விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இல்லாத உத்தரவு

கட்டாயப் படிப்புச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம். திசையன்விளையிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தம் இரண்டு பெண்களுக்கும் எழுத்தும் கணக்கும் அவரே சொல்லிக்கொடுக்கிறாராம். “பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவனை ஜெயில்ல போடுவாவளாமே” என்றார். அப்படிச் சட்டம் எதுவும் இன்னும் வரவில்லை, வீட்டில் படிக்க யாருடைய உத்தரவும் வேண்டாம் என்றேன். ஊரில் கிராம முன்சீப்பு கேட்டால் எதைக் காட்டுவது என்றார். காட்ட ஒன்றுமில்லை என்றேன். இதையே மூன்று தடவை சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்து, விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் பக்கத்தில் வந்து பையச் சொன்னார்: “அப்படின்னா, உத்தரவு வேண்டாம்னு ஒரு உத்தரவு எழுதித் தாங்க அய்யா.”

வீடா, பள்ளிக்கூடமா?

ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரும் ஒரு விவசாயியும் சேர்ந்தே வந்தார்கள். விவசாயி தம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் தலை எண்ணிக்கை குறைந்து, அதை மூடிவிடுவார்கள் என்பது வாத்தியாரின் முறையீடு. விவசாயி நிதானமாகப் பேசினார். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஐப்பசி வெள்ளத்தில் தோணி கவிழ்ந்து, மூத்த மகளை நாணல் புதரிலிருந்து இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு பிள்ளையையும் தோணியில் ஏற்ற மனம் வரவில்லை என்றார். வாத்தியாரும் தலையைக் குனிந்துகொண்டார்.

இருவரையும் தலைமைக் குமாஸ்தா வேதமாணிக்கத்திடம் அழைத்துப் போனேன். அவர் மோவாயைத் தடவினார். “பத்துப் பிள்ளைக சேர்ந்து படிச்சா அது பள்ளிக்கூடம், அதுக்கு அங்கீகாரம் வேணும்னு எங்கயோ படிச்சிருக்கேன். எங்கன்னுதான் தெரியல வே” என்றார் என்னிடம். விவசாயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “எனக்குப் பிள்ளைக ஏழு. தங்கச்சி மக்க மூணும் எங்கூடத்தான் இருக்கு. அப்போ நான் குடியிருக்கது வீடா, பள்ளிக்கூடமா?”

ஒரு நாள் படிப்பு

சண்முகத்தாய் பன்னிரண்டு வயதில் தாலியறுத்தவள். திருநெல்வேலிக்காரி. அவள் தகப்பனார், வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒரு பிள்ளைவாள், பத்து வருஷம் வீட்டிலேயே அவளுக்குப் பாடம் சொன்னார். உபாத்தியாயினிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளியில் அவளைச் சேர்க்க ஆசைப்பட்டார். கடைசியாகப் படித்த பள்ளிக்கூடத்தின் சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அவள்தான் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லையே.

சர்டிபிகேட் இல்லாமலே அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி மனு எழுதி மேலே அனுப்பினேன். ‘மனுதாரர் எந்தப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் படிப்புப் படித்தார் என்று தெரிவிக்கவும்’ என்று குறிப்போடு திரும்பி வந்தது. நானும் வேதமாணிக்கமும் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தோம். பிள்ளைவாள் எதிரே நின்றுகொண்டிருந்தார். “எனக்கு மூச்சிழுப்பு வந்திருக்கு. நான் போன பெறகு அவ சொந்தக்கார வீட்டுல மாவு அரைச்சுக்கிட்டுக் கெடக்கப்படாது” என்றார்.

கடைசியில் மிஷன் பெண் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை எஸ்தரம்மாளிடம் போய் நின்றேன். அந்த அம்மாள் சண்முகத்தாயை வாசிக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தார். மேல் வகுப்பில் உட்காரவைக்க ஆதாரம் கேட்பார்கள் என்று, அன்று காலையே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். வெள்ளைப் புடவையோடு ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் எஸ்தரம்மாள் எட்டிப் பார்த்தபோது, பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு பலகையில் எழுதிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சாயங்காலம், இந்தப் பெண்ணைப் பரீட்சித்துப் பார்த்ததில் மேல் வகுப்புக்குத் தகுதியானவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. சொல்லிவிட்டுப் போகத் தகப்பனாருடன் வந்த சண்முகத்தாய், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “ஒரு நாளு படிச்சதுக்குச் சர்டிபிகேட்டு இருக்கு, பத்து வருசம் படிச்சதுக்கு இல்ல. எங்கன படிச்சீங்கன்னு நாளைக்கு எங்கிட்ட படிக்க வார பிள்ளைக கேட்டா, நான் எதைச் சொல்ல?”

நான் பென்ஷன் வாங்கும் நாள்வரை, வீட்டில் பாடம் சொல்ல என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “ஒன்றும் வேண்டாம், ஆனாலும் எதற்கும் ஒரு மனு கொடுத்துவையுங்கள்” என்று சொல்லியே காலத்தைத் தள்ளினேன்.