திருமங்கலம் தேர்வு மையமும் இரண்டு சுவிட்ச் பெட்டிகளும்

விஜயதசமியன்று திருமங்கலம் போய்வந்தோம். மகள் செல்விக்கு வேலைத் தேர்வு. இப்போதெல்லாம் தேர்வைக் கம்ப்யூட்டரிலேயே வைக்கிறார்கள். நான்கு தேதி கொடுத்து ஒன்றை நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். படிப்புக்கு உகந்த நாளென்று விஜயதசமியைச் சொன்னது நான்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறியவனின் கணக்கு அப்படித்தான் இருக்கும். அந்த வேலைக்கு வயது வரம்பு உண்டு. செல்விக்கு இதுதான் கடைசித் தடவை.

எதற்கும் மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்கிற ஆள் நான். ஹால் டிக்கெட் இரண்டு பிரதி, பேனா இரண்டு (கம்ப்யூட்டர் தேர்வுக்கு!). வண்டி பழுதாகி நின்றால் செல்வி ஏறிக்கொள்ள, மைத்துனன் முருகேசனைப் பைக்கில் பின்னாலேயே வரச் சொல்லியிருந்தேன்.

காலை ஏழு மணிக்குக் கோச்சடையில் கிளம்பினோம். பெரியார் நிலையம் வரை மூன்று ரூபாய், அங்கிருந்து திருமங்கலத்துக்கு எட்டு ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். வலதுபக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடதுபக்கம் அடிக்கும். ஊரிலிருந்து தேர்வு நடக்கும் கல்லூரிக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வழியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் முருகேசனும் வந்து நின்றான்.

"மச்சான், வண்டி நின்னுபோனா ஏத்திக்கிறத்தான என்னய வரச் சொன்னீக? இப்ப ரெண்டு வண்டியும் ஒரே கேட்டுலல்ல நிக்கிது."

செல்வி சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நேரத்துக்குப் போய்விட்டோம். முந்தின நாள் ஆயுத பூஜை என்பதால் லேபில் எல்லா மானிட்டரிலும் சந்தனம், குங்குமம். மூலையில் சரஸ்வதி படம், அதைச் சுற்றிச் சீரியல் செட் மினுங்கியது. இன்டர்நெட் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று லேப் பொறுப்பாளரிடம் கேட்டுவைத்தேன்.

"கவலப்படாதீகண்ணே. எல்லா நெட் வயரும் போற சுவிட்ச் பொட்டி ரெண்டு இருக்கு. ஒண்ணு போனா மத்தது தானா எடுத்துக்கிரும். ரெண்டுக்கும் தனித்தனி யூபிஎஸ்" என்றார். நம்ம சாதி ஆள் ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று நிம்மதியாக வராந்தாவில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குத் தேர்வு, ஒன்றரை மணி நேரம். பதினொன்றுக்குச் சற்று முன் வழக்கம்போலக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய யூபிஎஸ் இருந்ததால் திரைகள் அணையவில்லை. ஆனால் சில நிமிடத்தில் உள்ளே ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வி ஒரே கேள்வியை வெறித்துக்கொண்டிருந்தாள். திரையோரத்துக் கடிகாரம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். சீரியல் செட்டுக்குப் பிளக் பாயின்ட் போதாமல், பூஜையன்று யாரோ இரண்டாவது சுவிட்சின் பிளக்கை அதன் யூபிஎஸ்சிலிருந்து பிடுங்கி, முதல் சுவிட்ச் இருந்த யூபிஎஸ்சிலேயே சேர்த்துச் செருகிவிட்டார்கள். அந்த யூபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் இரண்டு பெட்டியும் ஒன்றாகப் படுத்துவிட்டன. இரண்டாவது யூபிஎஸ் விசுவாசமாகச் சரஸ்வதிக்கு விளக்கெரித்துக்கொண்டிருந்தது.

பொறுப்பாளர் சீரியல் செட்டின் பிளக்கில் கை வைக்கப் போனார். ஆபீஸ் மேனேஜர் தடுத்தார். "மறுபூஜ போடாம வெளக்க அமத்தக் கூடாதுப்பா. சாயந்தரம் பிரின்சிபால் வந்துதான் எடுக்கணும்."

பிரின்சிபாலுக்குப் போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. முருகேசன் என்னை உலுக்கினான்: "சொல்லுங்க மச்சான், நம்ம பிள்ளைல்ல உள்ள இருக்கு." நாள் பார்த்துக் கூட்டிவந்தவனே நான்தான். சாமி விளக்கு என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். பிரின்சிபால் போனை எடுத்துச் சரியென்று சொல்வதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. பிளக்கை மாற்றியதும் லைன் வந்தது. செல்விக்கு மிச்சமிருந்தது பத்து நிமிடம்.

மனு கொடுத்தோம். பதில் போன வாரம் வந்தது: மையத்தில் இரண்டு சுவிட்ச்களும் இரண்டு யூபிஎஸ்களும் இருந்தது பதிவாகியுள்ளது, எனவே மறுதேர்வு கிடையாது. வந்த முடிவிலும் செல்வியின் எண் இல்லை.

அந்த மையத்துக்குப் போகிறவர்கள் ரயில்வே கேட்டுக்காக அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. மாற்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது எதில் செருகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, என்னைப் போல நாள் பார்க்காதீர்கள்.

அன்று மதியம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பக்கத்திலேயே முருகேசனும் பைக்கை உறுமவிட்டபடி இருந்தான். எதில் வருகிறாய் என்று செல்வியிடம் கேட்டேன்.

"எதுல போனா என்னப்பா, ரெண்டும் வீட்டுக்குத்தான போகுது" என்றாள்.